மண் ஏற்கும் மாற்றுகள்

நுழையும்முன்

காவிரியின் கிளையாறுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் தஞ்சை வளநாட்டில், ஓரிடத்தில் எறியப்படும் பொருள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. நீரோடு பயணம் செய்து வேறொருவர் வயலைச் சேர்கிறது. அன்றாட வாழ்வில் இடம்பிடித்துள்ள நெகிழிப் பொருள்களுக்கு மாற்றாக அம்மண் எவற்றைத் தருகிறது, அம்மாற்றுகளை எவ்வாறு தேர்வது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

நீரோடு வரும் சுமை

கல்லணையில் காவிரி நீர், காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. அங்கிருந்து கிளையாறு, வாய்க்கால், கிளைவாய்க்கால், மடை என்று படிப்படியாகக் குறுகி வயலை அடைகிறது. பல இடங்களில் ஒரு வயலில் நிறைந்த நீரே வழிந்து அடுத்த வயலுக்குப் பாய்கிறது. இப்பாசனத்தின் முடிவில் இருப்பது கடைமடை. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்கள் பல இக்கடைமடையில் அமைந்தவை.

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. கோடையில் வறண்டு கிடந்த வாய்க்கால்களில் முதல்நீர் வரும்பொழுது, கரையோரங்களில் பல மாதங்களாகக் குவிந்த பைகளும் குவளைகளும் பொட்டலத் தாள்களும் அதனுடன் மிதந்து வருகின்றன. மதகுகளிலும் சிறுபாலங்களின் கண்களிலும் அவை அடைத்துக்கொள்கின்றன. அடைப்பினால் தலைமடையில் நீர் தேங்கக் கடைமடையில் பயிர் வாடுகிறது. வயலுக்குள் புகுந்த நெகிழித் தாளோ சேற்றில் புதைந்து, நீர் கீழிறங்குவதையும் வேர் பரவுவதையும் தடுக்கிறது. அறுவடைக்குப் பின் மேய வரும் மாடு, உணவின் மணம் படிந்த பையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. எறிந்தவர் ஒருவர், அதன் துன்பத்தை ஏற்பவர் வேறொருவர். நெகிழிச் சிக்கலின் உள்ளீடு இதுவேயாகும்.

சிறு பொட்டலத்தின் வரலாறு

இன்று பைகளில் பெரிதும் பயன்படும் பாலித்தீன் 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதற்கு ஓராண்டுதான் முந்தையது அது. கரிகாலன் காலத்துக் கல்லணையோடு ஒப்பிட்டால் நேற்று வந்த பொருள் எனலாம். ஆயினும் அது பரவிய விரைவு வியப்பிற்குரியது. 2015ஆம் ஆண்டு வரை உலகில் உருவான நெகிழிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன் என்றும், அதில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

இப்பரவலில் தமிழகத்திற்கும் ஒரு பங்குண்டு. தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறையின் முன்னோடிகளுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பெரிய புட்டியை வாங்க இயலாத எளியோருக்கும் பொருள் கிட்ட வேண்டும் என்னும் நோக்கில் எழுந்த முறை அது. நாட்கூலி பெறும் குடும்பம் அன்றைய தேவையை அன்றைய வருவாயில் வாங்கிக்கொள்ள அது உதவியது. ஆனால் அப்பொட்டலம் வெவ்வேறு படலங்களை ஒட்டிச் செய்யப்படுவதால் பிரித்தெடுப்பது கடினம். எடையும் மிகக் குறைவு. எனவே பழைய பொருள் சேகரிப்போர் அதனைப் பொறுக்குவதில்லை. அது வாய்க்காலுக்கே செல்கிறது.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. நெகிழி பரவியது மக்களின் அறியாமையால் மட்டுமன்று. மலிவாலும் எளிதிற் கிடைத்தமையாலும் ஆகும். ஆகவே மாற்றுப் பொருளும் எளியோர் கைக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும்.

வயலும் தோப்பும் தருபவை

அத்தகைய மாற்றுகள் பலவற்றைக் காவிரிச் சமவெளி தன்னிடமே வைத்திருக்கிறது. திருவையாற்றுப் பகுதியின் படுகைகளில் விளையும் வாழை இதற்குத் தலைசிறந்த சான்று. அதன் இலை உண்கலமாகிறது, சருகு தொன்னையாகிறது, பட்டையிலிருந்து உரிக்கப்படும் நார் பூத்தொடுக்க உதவுகிறது. உண்டு எறிந்த இலையை மாடு தின்கிறது, எஞ்சியது எருவாகிறது. மந்தாரை இலைகளை ஈர்க்கால் தைத்துச் செய்யும் தையல் இலையும், பாக்குமட்டைத் தட்டும் இவ்வகையினவே.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் தென்னைக்குப் பெயர்பெற்றவை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அத்தோப்புகளைப் பெரிதும் சாய்த்தது. தென்னைநார் பாத்திரம் துலக்கும் நெகிழி நாரின் இடத்தை நிரப்பவல்லது. ஓலையின் ஈர்க்கு துடைப்பமாகிறது. காவிரிக் கரையில் விளையும் கோரை, நெகிழிப் பாய்க்கு மாற்றாகிறது.

உடல் தூய்மைக்குரிய பொருள்களிலும் மாற்றுகள் உண்டு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு, உடல் தேய்க்கும் நெகிழி நாரினும் மென்மையானது. சீயக்காய்த் தூளும் பச்சைப்பயற்று மாவும் டப்பாவில் நிரப்பி வைத்துக்கொள்ளத் தக்கவை. முகப்பூச்சுகளில் கலக்கப்பட்ட நுண்ணிய நெகிழி மணிகள் நீர்நிலைகளைச் சேர்வதை உணர்ந்த அமெரிக்க நாடு, கழுவி அகற்றும் ஒப்பனைப் பொருள்களில் அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை 2015இல் இயற்றியது. பயற்றுமாவினால் இத்தகைய தீங்கு இல்லை. மாதவிடாய்க் கால அணையாடைகளில் நெகிழிப் படலம் உள்ளது. துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி அணையாடை அதற்கு மாற்றாகலாம். ஆனால் தூய நீரும், வெயிலில் உலர்த்தும் வசதியும், தனிமையும் வாய்த்தால்தான் அது நலம் தரும். இவ்வசதிகளைச் செய்து தருவது குடும்பத்தின், பள்ளியின் பொறுப்பாகும்.

பழமையானவை என்பதனாலேயே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. உமிக்கரியை அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேற்பூச்சு தேயும். மரபையும் அறிவியலின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் உட்சோறு வெண்மையானது, மிகவும் இலேசானது. அதனைச் சீவி, செதுக்கித் தஞ்சைப் பெரிய கோவில் முதலியவற்றின் சிற்றுருவங்களைக் கலைஞர்கள் படைக்கின்றனர். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு அணிவிக்கும் நெட்டிமாலையும் இச்செடியிலிருந்து பெறப்படுவதே. தோற்றத்தில் தெர்மாகோலைப் போன்றிருப்பினும் நெட்டி மண்ணில் மக்கிவிடும். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

மாற்றுப்போலத் தோன்றுபவை

தமிழ்நாடு அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. உணவுப் பொருள் கட்டும் தாள், தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், தூக்குப்பை முதலியன அப்பட்டியலில் இருந்தன. நெகிழி பூசிய காகிதக் குவளையும் அதில் இடம்பெற்றது. அக்குவளை காகிதம்போலத் தோன்றினாலும் அதன் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு உள்ளது. நெய்யப்படாத தூக்குப்பையும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. பார்வைக்குத் துணிபோல இருப்பினும் அது பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி இழையால் ஆனது. மூங்கில் பல்துலக்கியின் பிடி மண்ணில் மக்கும். அதன் இழைகளோ பெரும்பாலும் நைலான். அவற்றைப் பிடுங்கிய பின்னரே பிடியை மண்ணிலிடல் வேண்டும். 'மக்கும்' என முத்திரையிட்ட நெகிழிகளுள் பல, மிகுந்த வெப்பமுள்ள உரமாக்கும் ஆலையில்தான் மக்குகின்றன. வாய்க்கால் சேற்றில் அவை எளிதில் மக்குவதில்லை.

இவற்றைப் பிரித்தறிய உழவர்க்கு இயல்பாகவே ஓர் அளவுகோல் உண்டு. இப்பொருளை வயலிலிட்டால் வயல் ஏற்குமா? ஏற்குமெனில் அது மாற்று. ஏற்காதெனில், மீண்டும் மீண்டும் பல்லாண்டு பயன்படுமா? பயன்படுமெனில் அதுவும் மாற்றே. பித்தளைச் செம்பையும் எவர்சில்வர் தூக்கையும் மண் ஏற்பதில்லை; ஆனால் அவற்றை யாரும் மண்ணில் எறிவதுமில்லை. கும்பகோணத்து வட்டகையும் தம்ளரும் நாள்தோறும் கழுவப்பட்டு மறுநாளும் காப்பி ஏந்துகின்றன.

மஞ்சப்பை சொல்லும் பாடம்

திருமண வீடுகளில் தாம்பூலத்துடன் வழங்கப்பட்ட மஞ்சள் துணிப்பை, தமிழர் வாழ்வில் பல்லாண்டு உடன்வந்தது. விதைநெல் வாங்கவும், நீதிமன்றத்திற்கு ஆவணம் எடுத்துச் செல்லவும் அதுவே துணை. பின்னர் அது நாட்டுப்புறத்தாரின் அடையாளமெனக் கேலிக்குள்ளானது. பளபளக்கும் நெகிழிப்பை நாகரிகத்தின் சின்னமாயிற்று. துணிப்பை மறைந்தமைக்கு விலை மட்டும் காரணமன்று, வெட்கமும் காரணமாகும். அவ்வெட்கத்தைப் போக்கும் முயற்சியாக, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் இந்திய ஒன்றியம் முழுவதும் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது.

துணிப்பை வாங்கியதனாலேயே கடமை முடிந்துவிடுவதில்லை. பருத்தி விளைவிக்க நீரும், நெய்யவும் சாயமிடவும் ஆற்றலும் செலவாகின்றன. ஒரு நெகிழிப்பையைவிடத் தட்பவெப்பத்திற்குக் குறைந்த தீங்கு விளைவிக்க, ஒரு பருத்திப்பையை 50 முதல் 150 முறை பயன்படுத்த வேண்டும் என ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. விழாதோறும் இலவசமாகப் பெற்று, அலமாரியில் அடுக்கி வைக்கும் துணிப்பைகளால் பயனில்லை. மஞ்சப்பையின் சிறப்பு அதன் துணியில் மட்டும் இல்லை. கடைக்குச் சென்று வீடு திரும்பி, துவைத்து உலர்ந்து, மீண்டும் கடைக்குச் சென்றதில் இருக்கிறது.

மாற்றுப் பொருளைத் தேர்வோர் அதனை ஆக்குவோரையும் எண்ணிப் பார்த்தல் தகும். வாழையிலை அறுப்பவர், பாய் நெய்பவர், நார் திரிப்பவர், நெட்டி செதுக்குபவர் ஆகியோரின் உழைப்பிற்கு உரிய விலை கிடைத்தால்தான் அப்பொருள்கள் தொடர்ந்து சந்தைக்கு வரும். தலைமடையில் உள்ளோர் எறியாத ஒவ்வொரு பையும், கடைமடை உழவருக்குத் தடையின்றிச் சென்று சேரும் நீராகும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரத்தில் உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் நெகிழிப் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றும் அதன் விலையும் குறித்து அட்டவணை உருவாக்குக.
2. 'எளியோர் வாங்க இயலாத மாற்று, மாற்றாகாது' – இக்கருத்தைச் சிறு பொட்டலத்தின் வரலாற்றோடு பொருத்தி விவாதிக்க.
3. உங்கள் ஊரில் மண்ணில் மக்கும் பொருள்களை ஆக்கும் கைவினைஞர் ஒருவரின் தொழில்நுட்பங்களையும் இடர்ப்பாடுகளையும் கேட்டறிந்து கட்டுரையாக்குக.