செஞ்சியை ஆண்ட புந்தேலர்

சேதராப்பட்டு முதலிய புதுவை வட்டாரத்து ஊரார்க்குச் சங்கராபரணி ஆறு நன்கு அறிமுகமானது. செஞ்சியாறு, வராகநதி என்னும் பெயர்களும் அதற்கு உண்டு. புதுவைக்குத் தெற்கே கடலிற் கலக்கும் இவ்வாறு செஞ்சி மலைப்பகுதியினின்று வருவது. ராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையில், வடநாட்டு இராசபுத்திரக் குடியொன்று சில ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. அவர்களே புந்தேலர் ஆவர்.

யமுனைக்குத் தெற்கே விந்தியச் சாரலில் உள்ள புந்தேல்கண்டம் அவர்தம் தாயகம். 1531இல் அக்குடியினனான உருத்திரப் பிரதாபன், பேத்வா ஆற்றங்கரையில் ஓர்ச்சா நகரை நிறுவினான். போர் புரிதல் அவர்க்குக் குலத்தொழில், புறங்காட்டல் பெரும்பழி. தந்தை காத்த கோட்டை மைந்தனைச் சேரும் என்பது அவர்தம் குடிவழக்கு. புந்தேலருட் பலர் மொகலாயப் படைத்தலைவராய் விளங்கினர். 1690 முதல் 1698 வரை நிகழ்ந்த செஞ்சி முற்றுகையில் தளபதிராவ் என்னும் புந்தேலர் பங்கு கொண்டார். கோட்டை வீழ்ந்தபின், ஔரங்கசீப்பு அதனைச் சொரூப்சிங் என்பவரிடம் ஒப்படைத்தார்.

1714இல் சொரூப்சிங் இறந்தார். அவர் மைந்தர் தேசிங்கு, தந்தையின் பதவியைத் தமது உரிமையெனக் கருதி ஏற்றார். தேஜ்சிங் என்பதே தமிழர் நாவில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோ, பேரரசரின் புதிய ஆணையின்றிப் பதவி செல்லாது என்றார். நிலுவைத் திறையையும் கேட்டார். குடிவழக்கும் அரசாணையும் இவ்வாறு மோதின.

பெரும்படை வந்தபோதும் தேசிங்கு பணிந்தாரல்லர். பெருக்கெடுத்த வராகநதியிற் குதிரையைச் செலுத்திச் சிலரே பின்தொடரக் கரையேறினார் என்பர். உயிர்த்தோழர் மோவுத்துக்கான் தம் திருமணக் கோலத்தையும் துறந்து போர்க்களம் புகுந்தார் எனக் கதைப்பாடல் கூறும். ஒருவர் இந்து, மற்றவர் முசுலிம். இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தனர். அன்று தேசிங்குக்கு அகவை இருபத்திரண்டே என்பர்.

அவர்தம் இளமனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக நவாபு அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பது வழிவழிச் செய்தி. அந்நாள் அச்செயலைக் கற்பின் சிறப்பெனக் கொண்டாடியது. ஆயினும் வாழவேண்டிய ஓர் உயிரை எரிக்கு இரையாக்கும் வழக்கம் எங்ஙனம் சிறப்பாகும்? 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் அதனைத் தடுத்தது.

முன்னோர் வழக்கங்கள் அனைத்தும் போற்றத்தக்கன அல்ல. அனைத்தும் இகழத்தக்கனவும் அல்ல. அஞ்சாமையும் மதம் கடந்த நட்பும் என்றும் கொள்ளத்தக்கன. பெண்ணுயிரைப் பலிகொண்ட வழக்கமோ தள்ளத்தக்கது. வேற்றுமொழி பேசும் குடியிற் பிறந்த இளைஞரைத் தம்மவராகவே ஏற்றுத் தமிழ்மக்கள் பாடினர். வீரம் எவரிடத்து இருப்பினும் அதனைப் போற்றும் பண்பு நம் மண்ணுக்கு உரியது. செஞ்சியாற்றைக் காணுந்தோறும் இதனை நினைவு கூர்வோமாக.