பிழிந்த பிறகுதான் ஊறும்

தயிர்வடை செய்யத் தெரிந்தவருக்கு குளிர்ந்த டோஃபுவும் செய்ய வரும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று பாக்கெட் டோஃபு மிச்சமாகியிருக்கும்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் எங்கள் வீடு. மாடிப் போர்ஷனை ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். 1931இல் பால் பிரண்டன் ரமணரைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. கார்த்திகை தீபம் முடிந்தால் பிப்ரவரி வரைக்கும் சீசன். அவர்களை நம்பித்தான் எங்கள் சாலைக் கடைகளில் ஓட்ஸுக்கும் பாதாமுக்கும் பக்கத்தில் டோஃபுவும் வந்து உட்கார்ந்தது.

ஒரு மார்கழியில் ஜப்பான்கார அம்மா ஒருவர் குடிவந்தார். தினமும் மதியம் பால்கனியில் ஒரு தட்டு. அதில் வெள்ளைக் கட்டி, மேலே துருவிய இஞ்சி, நறுக்கிய வெங்காயத்தாள், கொஞ்சம் சோயா சாஸ். அவ்வளவுதான், அடுப்பே கிடையாது. அதற்குப் பெயர் ஹியாயாக்கோ என்றார். யாக்கோ என்பது அந்தக் காலத்துச் சாமுராய்களின் ஏவலாட்கள். அவர்கள் சட்டையில் பெரிய சதுர முத்திரை இருக்குமாம். டோஃபுவைச் சதுரமாக வெட்டுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1782லேயே ஒசாகாவில் டோஃபுவுக்கென்று நூறு பக்குவங்கள் சொல்லும் சமையல் புத்தகம் வந்துவிட்டது. நாமோ அதைச் 'சோயா பன்னீர்' என்று சொல்லிவிட்டோம். நான் வழுக்கியது அந்தப் பெயரில்தான்.

பன்னீர்தானே என்று மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கரம் மசாலா, தயிர் எல்லாம் பிசறி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் டப்பாவில் பாதி தண்ணீர். மசாலா அதில் மிதக்கிறது, டோஃபு உள்ளே வெள்ளையாகவே இருக்கிறது. அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இன்னாம்மா இது, பச்சை மொளகாத்தூள் வாசனைதான் வருது. வழுக்கினு உள்ள போவுது, ருசியே காணோம்" என்றார்.

அத்தை சொன்னதில் இரண்டு பாடம் இருந்தது. முதலாவது, அடுப்பில் ஏறாத பண்டத்துக்குப் பொடி மசாலா ஆகாது. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் சூடேறினால்தான் பச்சை வாசனை போகும். குளிர்ச்சியாகத் தின்பதற்குப் பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை போன்ற ஈரமான சரக்குதான் பொருந்தும். தாளித்தே தீரவேண்டும் என்றால் தாளித்து ஆறவைத்து ஊற்றலாம். ஆனால் தேங்காய் எண்ணெயில் தாளிக்காதீர்கள். ஃபிரிட்ஜில் அது மெழுகு மாதிரி உறைந்து பல்லில் ஒட்டும். நெய்யும் அப்படியே. நல்லெண்ணெய் உறையாது.

இரண்டாவதுதான் தயிர்வடை விஷயம். வடையைப் பொரித்ததும் தண்ணீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழிந்த பிறகல்லவா தயிரில் போடுகிறோம்? உள்ளே இடம் காலியானால்தானே தயிர் ஏறும்! டோஃபுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை வெளியே அனுப்பாமல் மேலே எதை ஊற்றினாலும் அது டப்பாவில் குளமாகத்தான் நிற்கும். ஆனால் வடையைப் போல டோஃபுவைக் கையால் பிழிய முடியாது, உதிர்ந்துபோகும். துணியில் சுற்றி, தட்டு வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. அரை கிலோ பருப்பு டப்பா போதும், அரை மணி நேரம்.

அதைவிட நல்ல வழி வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வெட்டிய டோஃபுத் துண்டுகளைப் பதினைந்து நிமிடம் அதில் வையுங்கள். தண்ணீரில் போட்டால் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று நானும் கேட்டேன். உப்பு நீரின் சூட்டில் டோஃபு இறுகுகிறது, இறுகும்போது உள்ளே இருப்பதைக் கக்குகிறது. எடுத்துத் துணியில் பரப்பினால் மேல்புறமும் சீக்கிரம் உலர்ந்துவிடும். துண்டு விரல் பருமனுக்கு மேல் வேண்டாம். எவ்வளவு ஊறினாலும் சாறு நடுவரைக்கும் போவதில்லை. ஆகவே மெல்லிய துண்டாக வெட்டி, ஒவ்வொரு வாயிலும் ஊறிய பக்கம் வரும்படி பார்த்துக்கொள்வதுதான் தந்திரம்.

ஊறல் சாறு, 300 கிராமுக்கு: சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, அதே அளவு தண்ணீர், ஒரு எலுமிச்சையின் சாறு, நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், துருவிய இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு. உப்புப் போடாதீர்கள், சாஸிலேயே இருக்கிறது. கலந்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள். 'கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே' என்று பட வேண்டும். சில்லென்று ஆனபின் நாக்குக்கு இனிப்பும் சுவையும் மட்டுப்பட்டுத்தான் தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருந்த சாறு மறுநாள் பத்தியச் சாப்பாடாகிவிடும்.

எண்ணெயை இந்தச் சாற்றோடு சேர்க்கக் கூடாது. முதலிலேயே எண்ணெய் பூசினால் அது படலமாக நின்று புளிப்பையும் உப்பையும் மறிக்கும். பரிமாறும்போது ஒரு தேக்கரண்டி போதும். ஜப்பான், சீன எள்ளெண்ணெயின் மணம் நம் நல்லெண்ணெயில் வரவில்லையே என்று ரொம்ப நாள் குழம்பினேன். அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். நாம் வறுக்காமல் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். அதனால் வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று பொரியவிட்டு, உரலில் ஒன்றிரண்டாக இடித்து மேலே தூவினேன், சரியாக வந்தது. கூடவே வறுத்த வேர்க்கடலை, நாங்கள் சொல்லும் மணிலா. மணிலா விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சேர்க்காமல் எப்படி?

ராத்திரி ஊறவைத்தால் மறுநாள் மதியத்துக்குச் சரி. இரண்டாம் நாள் உப்பு ஏறிவிடும். மூன்றாம் நாள் மிஞ்சினால் தோசைக்கல்லில் சிவக்க வாட்டிச் சோற்றோடு பிசையலாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மலையே அடுப்பு மாதிரி காயும் ஊர் இது. ஒரு மே மாதம் பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சி வழியாக பஸ்ஸில் டோஃபு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் கொழகொழவென்று புளித்த வாடை. விற்றவரைச் சொல்லிப் பயனில்லை, ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தது நான். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் தின்ன வேண்டாம். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் பாதி நாள் நின்றாலும் அதே சட்டம்தான். பிரித்த டோஃபுவை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் மூன்று நாள் தாங்கும்.

அந்த பஸ் பயணத்துக்குப் பிறகுதான் வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். கால் கிலோ சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் கணக்கில் மல் துணியில் வடிகட்டுவேன். பச்சை சோயாப்பால் செரிக்காது, நன்றாகக் கொதிக்க வேண்டும். ஆனால் அது ஏமாற்றும். கொதி வரும் முன்பே நுரைத்துப் பொங்கும். பொங்கிவிட்டதென்று இறக்கிவிடாமல், தணலைக் குறைத்துக் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு இறக்கி, மூன்று நிமிடம் பொறுத்து, நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெதுவாக ஊற்றினால் திரியும். ஜப்பானில் கடல்நீரில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரால் திரிப்பார்களாம். எலுமிச்சை டோஃபு அதைவிடக் கொஞ்சம் கரடு, லேசான புளிப்பு. ஊறவைத்துத் தின்பதற்கு அந்தக் கரடுதான் எனக்குப் பிடிக்கிறது.

எங்கள் வீட்டில் இதைத் தனியாகத் தட்டில் வைப்பதில்லை. சித்திரை வெயிலில் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்வோம். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் பக்கத்தில் இருக்கும். அத்தை இப்போது மோர்மிளகாயைத் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் முதலில் எடுக்கிறார், ஆனால் நன்றாக இருக்கிறது என்று இன்னும் சொன்னதில்லை.

சோயாப்பால் வடிகட்டிய துணியில் தங்கும் சக்கையை எறிந்துவிடாதீர்கள். அடை மாவில் கால் பங்கு கலக்கலாம். அதற்கு மேல் போனால் தோசைக்கல்லை விட்டு எழாது.