டிஸ்க் தெரியவில்லையா? போர்மட் செய்ய அவசரப்படாதீர்கள்

கடையிலுள்ள கணனியின் பெறுமதி என்ன என்று கேட்டால் பலரும் அதை வாங்கிய விலையைத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெறுமதியானது உள்ளே இருக்கும் கணக்கு. யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது, எந்தக் காசோலை எப்போது மாறும், களஞ்சியத்தில் என்ன மீதி என்பதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. புதிய டிஸ்க் வாங்கலாம். அழிந்துபோன கடன் கொப்பியை எங்கே வாங்குவது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11 ஏற்காத பழைய கணனிகளுக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் பதிப்புகள் நல்லதொரு வழி. ஆனால் அதைப் போட்ட பின் டிஸ்க் தெரியாவிட்டால், "ட்ரைவர் பிரச்சினை, போர்மட் பண்ணுவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. போர்மட் செய்வதால் ட்ரைவர் திருந்தாது. அழிவது உங்கள் கணக்குத்தான்.

ட்ரைவர் என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையில் நிற்கும் தரகர். வின்டோஸில் அதை இறுவட்டிலிருந்து போட்டுப் பழகியிருக்கிறோம். லினக்ஸில் டிஸ்க்குக்கான ட்ரைவர்கள் அனேகமாக எல்லாமே, கேர்னல் எனப்படும் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். பின்வரும் ஒழுங்கில் தேடுங்கள்.

1. கணனிக்கே தெரிகிறதா?
கணனியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டிலீட் விசையை அழுத்தி பயோஸ் திரைக்குச் செல்லுங்கள். விசை கணனிக்குக் கணனி வேறுபடும். அங்கே டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் எந்த ட்ரைவரும் உதவாது. கணனியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

2. பயோஸில் உண்டு, லினக்ஸில் இல்லை
லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க் இல்லையென்றால், பயோஸில் அது 'இன்டெல் ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்ட்' முறையில் இருக்கலாம். 'ஏஎச்சிஐ' முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரியும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். அதே கணனியில் வின்டோஸும் இருந்தால், முன் ஆயத்தமின்றி மாற்றும்போது வின்டோஸ் எழும்பாமல் போகலாம். இரண்டு டிஸ்க்குகள் உண்மையிலேயே ரெய்ட் முறையில் சேர்க்கப்பட்டிருந்தால் அதில் கை வைக்கவே வேண்டாம்.

கணனி புதிது, லினக்ஸ் பதிப்பு பழையது என்றால் அது உண்மையான ட்ரைவர் பிரச்சினையாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து, புதிய கேர்னல் உள்ள பதிப்பு.

3. தெரிகிறது, எழுத முடியவில்லை
வின்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், கணனியை நிறுத்தும்போது டிஸ்க் முழுமையாக மூடப்படுவதில்லை. அதனால் லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் அனுமதிக்கலாம், அல்லது திறக்க மறுக்கலாம். இது பழுதல்ல, பாதுகாப்பு. வின்டோஸுக்குப் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு, முறையாக மூடிவிட்டு வாருங்கள்.

4. வெளி டிஸ்க் விட்டுவிட்டு வருகிறது
முதலில் யூஎஸ்பி கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். கணனியின் முன்பக்கத்தை விடப் பின்பக்கப் போர்ட் நல்லது. அப்படியும் துண்டிக்கப்பட்டால், டிஸ்க் பெட்டிக்குள் உள்ள சிப் 'யூஏஎஸ்' என்ற வேகமான ட்ரைவரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த டிஸ்க்குக்கு மட்டும் பழைய யூஎஸ்பி ட்ரைவரைப் பாவிக்குமாறு லினக்ஸுக்குச் சொல்ல முடியும். விடயம் தெரிந்தவரிடம் அதைக் கேளுங்கள்.

5. டிஸ்க்கின் உடல்நிலை
டிஸ்க்ஸ் செயலியில் 'ஸ்மார்ட்' அறிக்கை உண்டு. சாட்டா டிஸ்க் என்றால் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள். 197 என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இவை கூடிக்கொண்டே போனால் டிஸ்க் இறுதிக் காலத்தில் இருக்கிறது. 199 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிளில்தான் குறை. சிறிய செலவில் தீரும் காரியத்துக்காகப் புதிய டிஸ்க் வாங்கவேண்டாம்.

முதலில் பிரதி, பிறகு திருத்தம்
5, 197 ஆகியவை கூடுவதைக் கண்டால் முதலில் கணக்குகளை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். எஃப்எஸ்சிகே போன்ற திருத்தும் கட்டளைகளை அதற்கு முன் ஓட்டக்கூடாது. சாகும் டிஸ்க்குக்கு அது மேலும் சுமை. பிரதி எடுக்கவே சிரமமாக இருந்தால், டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றித் தரும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

கணனி திருத்துபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயோஸில் தெரிகிறதா? ஸ்மார்ட் அறிக்கை என்ன சொல்கிறது? பிரதி எடுத்தாயிற்றா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை போர்மட்டுக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள். கணக்கின் பிரதியொன்று வாரந்தோறும் கடைக்கு வெளியே போகட்டும். அப்படியிருந்தால் டிஸ்க் செத்தாலும் வியாபாரம் நிற்காது.