கிபியோன் குளத்தண்டையில் வாலிபர்



இந்த மாதப் பாடத்துக்கு 2 சாமுவேல் 2-ம் அதிகாரம், 12 முதல் 32 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். ஞாயிறு ஆராதனையில் இந்தப் பகுதியை வைத்து யாரும் அதிகமாகப் பிரசங்கிக்கிறதில்லை. ஆனால் பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் நம் சபைகளில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு இது அவசியமான பகுதி.

சவுல் ராஜா செத்துப்போனான். தாவீது எப்ரோனில் யூதா கோத்திரத்துக்கு ராஜா. சவுலின் மகன் இஸ்போசேத்தை அப்னேர் என்கிற படைத்தலைவன் மற்ற கோத்திரங்களுக்கு ராஜாவாக்கி வைத்திருக்கிறான். இரண்டு சேனைகளும் கிபியோன் குளத்துக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கவனியுங்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை ஆரம்பிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போது அப்னேர் யோவாபிடம் ஒரு யோசனை சொல்லுகிறான். வாலிபர்கள் எழும்பட்டும், நமக்கு முன்பாகத் தங்கள் திறமையைக் காட்டட்டும் என்கிறான். யோவாபும் சரி என்கிறான்.

அங்கே வருகிற எபிரெய வார்த்தைக்குச் சிரிப்பு, விளையாட்டு என்று அர்த்தம். வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போது இந்த இடத்தில் நான் பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இரண்டு பெரிய மனுஷர் கரையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளை விளையாடச் சொல்லுகிறார்கள். இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவனும் எதிராளியின் தலையைப் பிடித்து, விலாவிலே பட்டயத்தை ஏற்றினான். இருபத்துநாலு பேரும் ஒருமிக்க விழுந்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல ஒருத்தனும் மிஞ்சவில்லை.

அந்த இருபத்துநாலு வாலிபரில் யாராவது தயங்கினதாக வேதம் சொல்லவில்லை. கூப்பிட்டவுடனே எழும்பினார்கள். பயிற்சியில் இருக்கிற பையன்களிடத்தில் இதே வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன் அங்கே பயிற்சியில் இருந்தான். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ம் தேதி நம்முடைய ராணுவம் பதிலடி கொடுத்தது. மே 10-ம் தேதி சாயங்காலம் சண்டை நின்றது. அடுத்து போன் கிடைத்தபோது அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டான். "பாஸ்டர், நான் கசம் பரேடு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சே!" என்றான். குரலில் அழுகை மாதிரி இருந்தது. அந்த நாலு நாளும் அவனுடைய அம்மா சாப்பிடாமல் முழங்காலில் இருந்தது எனக்குத் தெரியும். எல்லைப்புறத்தில் பூஞ்ச் ஊரில் பீரங்கிக் குண்டு விழுந்து, ஜனங்கள் செத்தார்கள், சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். அவன் மனசில் அது ஒன்றும் ஓடவில்லை. வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி பேசினான்.

அவனை நான் திட்டவில்லை. துணிச்சல் இல்லாத பிள்ளை பட்டாளத்துக்கே போயிருக்க மாட்டான். ஆனாலும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் விடியற்காலத்திலிருந்து ராத்திரி வரை ஒரே வேலை. ஓட்டம், டிரில், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மாட்டுவது. உஸ்தாத் சத்தம் போடுகிறார். பக்கத்தில் இருக்கிறவனெல்லாம் கூடப்பிறந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். உடம்பு இரும்பாகிறது. ஆனால் அங்கே சுடப்படுகிற அட்டை திரும்பச் சுடுவதில்லை. துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப்படுகிற மூட்டை கத்துவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை. பலம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது, அதற்கு என்ன விலை என்று காட்டுகிற ஒன்றும் அங்கே இல்லை. அதனால்தான் "எப்போது, எப்போது" என்று மனசு துடிக்கிறது.

இது இன்றைக்கு ஆரம்பித்த காரியம் அல்ல. 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப்போர் தொடங்கினபோது இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். லங்காஷயர் பகுதியில் ஆக்ரிங்டன் என்று ஒரு நெசவாலைப் பட்டணம். அந்த ஊர் மேயர், எங்கள் ஊரே ஒரு பட்டாலியன் தரும் என்று சொல்லி ஆள் சேர்த்தார். பத்தே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தெரு, ஒரே ஆலை, ஒரே பள்ளிக்கூடம், அண்ணன் தம்பிகள். பக்கத்து ஊர்ப் பையன்களும் வந்தார்கள். பஞ்சு வியாபாரம் படுத்துப்போய் வேலையில்லாமல் இருந்ததும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த யுத்தத்தில் வயதைப் பொய் சொல்லிச் சேர்ந்த பிரிட்டிஷ் பையன்கள் இரண்டரை லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. மரக்கட்டையை வைத்துப் பழகினார்கள். காக்கித் துணி கிடைக்கவில்லை, நீல உடுப்பு கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் யுத்தம் முடிந்துவிடும் என்று தேசமெங்கும் பேச்சு. நாம் போவதற்குள் முடிந்துவிடுமோ என்பதுதான் எத்தனையோ முகாம்களில் பையன்களுக்குக் கவலை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஆக்ரிங்டன் பையன்கள் 1915 பிப்ரவரியில் வேல்ஸ் நாட்டுக்குப் போனார்கள். பிறகு இங்கிலாந்தில் ஒவ்வொரு முகாமாக மாறினார்கள். வருஷக் கடைசியில் கப்பலேறி எகிப்துக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்கு வந்தார்கள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருஷப் பயிற்சி! அவசரமாக அள்ளி அனுப்பப்பட்டவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

1916 ஜூலை 1, சோம் யுத்தத்தின் முதல் நாள். சேர் என்கிற கிராமத்துக்கு முன்னால் நின்றார்கள். ஏழு நாளாக நம்முடைய பீரங்கி அடித்திருக்கிறது, எதிரி ஒருத்தனும் உயிரோடிருக்க மாட்டான் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முள்கம்பி அறுபடவில்லை. எதிரிகள் ஆழமான குழிகளில் உயிரோடுதான் இருந்தார்கள். காலை ஏழரை மணிக்கு வரிசையாக நடந்தார்கள். போன சுமார் 720 பேரில் 584 பேர் செத்தார்கள், அல்லது காயப்பட்டார்கள், அல்லது காணாமற்போனார்கள். ஏறக்குறைய அரை மணி நேரத்தில்! அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் சேனையில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். ஆக்ரிங்டனில் எத்தனையோ தெருக்களில் ஜன்னல் திரை இறங்கிற்று. ஒரே தெருப் பையன்களைச் சேர்த்து வைத்தால் ஒரே தெருவுக்குத்தான் சாவு வரும் என்று பத்து நாளில் ஆள் சேர்த்தவர்களுக்கு அப்போது தோன்றவில்லை.

ஆசை பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். காட்டில் ஓநாய்கள் வளர்த்த மௌக்லியின் கதையை எழுதின ருட்யார்ட் கிப்ளிங் தெரியுமல்லவா? அவருடைய மகன் ஜானுக்குக் கண் பார்வை மங்கல். வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தகப்பன் தன் சிநேகிதரான பெரிய ராணுவ அதிகாரியைப் பிடித்து இடம் வாங்கிக் கொடுத்தார். 1915 செப்டம்பரில் லூஸ் என்ற இடத்தில் மகன் செத்தான். வயது 18. தகப்பனும் தாயும் உயிரோடிருந்த நாளெல்லாம் தேடியும் கல்லறை எது என்று தெரியவே இல்லை. சிபாரிசு பிடிக்கிற தகப்பன்மாரே, இந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள்.

கிபியோனுக்குத் திரும்புவோம். பிள்ளைகள் விழுந்தவுடனே பெரிய யுத்தம் மூண்டது. அப்னேர் தோற்று ஓடுகிறான். யோவாபின் தம்பி ஆசகேல் துரத்துகிறான். அவன் காட்டு மானைப்போல் ஓடக்கூடியவன். அனுபவமில்லாத பையன் என்று அவனைத் தள்ளிவிடாதீர்கள். தாவீதின் முப்பது பராக்கிரமசாலிகளில் அவன் பெயர் இருக்கிறது (2 சாமுவேல் 23:24). கால் நன்றாகப் பழகியிருந்தது. வலதுபுறம் இடதுபுறம் பார்க்காமல் ஓடினான் என்று வேதம் சொல்லுகிறது. அப்னேர் கிழட்டு நரி. சாவு எப்படியிருக்கும் என்று அறிந்தவன். முதல் தரம் சொல்லுகிறான்: வேறே வாலிபனைப் பிடித்து அவன் ஆயுதங்களை எடுத்துக்கொள், என்னை விடு. ஆசகேல் கேட்கவில்லை. இரண்டாந்தரம் சொல்லுகிறான்: உன்னைக் கொன்றுபோட்டால் உன் அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இரக்கத்தோடு சொன்ன வார்த்தை அது. அதையும் கேட்கவில்லை. அப்னேர் திரும்பி முன்பக்கத்தால் குத்தவில்லை, ஈட்டியின் பின்முனையாலே குத்தினான். அது முதுகில் வந்தது. அந்த இடத்துக்கு வந்த ஒவ்வொருவனும் அப்படியே நின்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் நின்றார்கள்!

சாயங்காலம் ஆயிற்று. காலையில் பிள்ளைகளை விளையாடச் சொன்ன அதே அப்னேர் மலையுச்சியில் நின்று கத்துகிறான். பட்டயம் இப்படியே தின்றுகொண்டிருக்குமோ, முடிவில் கசப்புதான் என்று உனக்குத் தெரியாதா என்று யோவாபைக் கேட்கிறான். இது காலையிலேயே அவனுக்குத் தெரிந்ததுதானே? யோவாப் எக்காளம் ஊதினான், சண்டை நின்றது. எண்ணிப் பார்த்தால் தாவீதின் பக்கம் பத்தொன்பது பேரும் ஆசகேலும். அந்தப் பக்கம் முந்நூற்றறுபது பேர்.

இந்தப் பகுதியைத்தான் அந்தத் தம்பிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துக் காட்டினேன். சண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்துக்கு உறுதிமொழி எடுத்தவன் உத்தரவு வந்தால் போகத்தான் வேண்டும். நான் சொன்னது இது: "தம்பி, உத்தரவு வருமட்டும் யுத்தத்துக்காக ஜெபம் பண்ணாதே. உஸ்தாத் சொல்லிக்கொடுக்கிறதில் காயக்கட்டு கட்டுகிற பாடத்தை முதலாவது கற்றுக்கொள். குண்டடி பட்டவனைத் தோளில் தூக்கி ஓடுகிற பயிற்சியில் பின்வாங்காதே. 'நில்' என்ற சத்தம் காதில் விழுந்தால் நிற்கப் பழகு. ஆசகேலுக்கு அது மட்டும்தான் வரவில்லை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாஸ்டர், அந்த இருபத்துநாலு பேர் பேரும் பைபிள்ல இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஆசகேலை எடுத்துக்கொண்டுபோய் பெத்லெகேமில் அவன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணினார்கள். யோவாப் ராமுழுதும் நடந்து விடியும்போது எப்ரோனுக்கு வந்து சேர்ந்தான். தம்பியை நினைத்துக்கொண்டே நடந்திருப்பான். வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் 3-ம் அதிகாரம் 22 முதல் 39 வரை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள். எப்ரோன் வாசலில் யோவாப் அப்னேருக்கு என்ன செய்தான் என்பது அங்கே இருக்கிறது.