ஷாம்பூ, கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள்: வணிகர் அறிய வேண்டியவை

சிட்லபாக்கம், குரோம்பேட்டை, சேலையூர் வட்டாரத்தில் ஷாம்பூ பாக்கெட் சரம் தொங்காத மளிகைக் கடையே இல்லை. துவரம் பருப்பைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டால் உடனே பதில் சொல்கிறோம். "இந்தக் கிரீமில் பாராபென் இருக்கிறதாமே, புற்றுநோய் வருமாமே?" என்று கேட்டால் கம்பெனியைக் கைகாட்டி நழுவிவிடுகிறோம். விற்கிற பொருளைப் பற்றி ஓரளவாவது நாம் அறிந்திருக்க வேண்டாமா? சட்டமும் விற்றவரைத்தான் முதலில் தேடி வருகிறது.

தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஷாம்பூ, லோஷன், கிரீம் ஆகியவற்றில் தண்ணீர்ப் பங்கு அதிகம். அதனால்தான் பிரிசர்வேடிவ் சேர்க்கிறார்கள். தண்ணீரே இல்லாத தேங்காய் எண்ணெய்க்கும் பவுடருக்கும் அவ்வளவாகத் தேவையில்லை. "கெமிக்கலே கிடையாது, வீட்டில் செய்தது" என்று லேபிள் இல்லாத டப்பாவில் கற்றாழை ஜெல் கொண்டுவந்து வைக்கச் சொல்பவர்களை நாம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் அலமாரியில் ஒரு மாதம் கிடக்கும் ஜெல்லில் கிருமி வளர்ந்தால் கண்ணுக்கும் புண்ணுக்கும் ஆபத்து.

பாராபென் பயம் 2004-இல் பெரிதானது. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 மார்பகக் கட்டிகளைச் சோதித்து, அவற்றில் பாராபென் இருப்பதைக் கண்டார்கள். ஆனால் கட்டி இல்லாத திசுவோடு ஒப்பிடவில்லை. புற்றுநோய்க்கு அதுவே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை. அதற்காக எல்லாம் வீண் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து வகைப் பாராபென்களைத் தடை செய்தது. ப்ரொப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவை 0.14 சதவீதமாகக் குறைத்தது. மெத்தில் வகையை 0.4 சதவீதம் வரை இன்னும் அனுமதிக்கிறது.

அன்றாடம் கண்ணெதிரே தெரியும் தொல்லை வேறு: தோல் ஒவ்வாமை. மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற ரசாயனத்தை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தடவி அப்படியே விடும் கிரீம்களில் ஐரோப்பா அதை அறவே தடுத்துவிட்டது. கழுவிவிடும் ஷாம்பூவில் மட்டும் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை அனுமதி.

நம் நாட்டில் பெரும் பரபரப்பு 2019-இல் வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழந்தை ஷாம்பூவின் இரண்டு பேட்ச்களில் ஃபார்மால்டிஹைடு இருப்பதாக ராஜஸ்தான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறியது. நிறுவனம் மறுத்தது. பிறகு அரசு மறுசோதனையில் அது இல்லை என்று தெரிந்ததாக அறிவித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது பேட்ச் எண். பேட்ச் எண் எழுதிய பில் கையில் இல்லாத கடைக்காரர், குறை சொல்லப்பட்ட சரக்கு தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது.

பாராபென்னை விட நாம் அஞ்ச வேண்டியது பாதரசம். கண்ணருகே பூசும் பொருள்களில் கெடாமல் காக்க 0.007 சதவீதம் வரை அதை நம் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் அனுமதிக்கின்றன. மற்றவற்றில் தற்செயலாகக் கலந்ததுகூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சிவப்பழகு கிரீம்களில் சிலர் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனையில் கண்ட 22 சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் தடவியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது. லாபம் அதிகம் என்று பில் இல்லாமல் வரும் வெளிநாட்டு கிரீமை வாங்கி வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி இவற்றை விற்க நமக்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் தரமற்றதை, போலியை விற்பது குற்றம். ஆய்வாளர் கேட்டால் யாரிடம் வாங்கினோம் என்று 18-ஏ பிரிவின்படி சொல்லியாக வேண்டும். 19-ஆம் பிரிவு நமக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது: லைசென்ஸ் உள்ள உற்பத்தியாளரிடமோ முறையான விநியோகஸ்தரிடமோ வாங்கினோம், குறை நமக்குத் தெரியாது, விசாரித்திருந்தாலும் தெரிந்திருக்காது, வந்த நிலையிலேயே ஒழுங்காக வைத்திருந்தோம் என்று நிரூபித்தால் தப்பலாம். "எஸ்டிமேட்" துண்டுச் சீட்டு அதற்கு உதவாது. பெரிய கேனிலிருந்து பாட்டிலில் ஊற்றி விற்றவருக்கும், வெயில் படும் இடத்தில் அட்டைப் பெட்டியைப் போட்டு வைத்தவருக்கும் அந்தக் கடைசி வாதம் கிடைக்காது. 2015 வெள்ளம்போல் கடைக்குள் தண்ணீர் புகுந்தால், நனைந்த சரக்கைத் துடைத்து அடுக்குவதும் அப்படித்தான்.

வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பாருங்கள். இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பாக்கெட்டிலும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீமிலும் உட்பொருள் பட்டியல் போட வேண்டியதில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. நாம் அதிகம் விற்பதே அவைதாம்! எனவே அரிப்பு, தடிப்பு என்று யாராவது வந்தால், அதே சரக்கின் பெரிய பாட்டிலை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். பெயர்களை எழுதிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகட்டும்.