சுண்டெலி மூளையின் வரைபடம்: பார்க்கின்சன் நோயில் மரபணுக்களின் பணி

"மரபணுக் கோளாறு என்கிறார்களே, இந்நோய் பிள்ளைகளுக்கும் வருமா?" பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தினர் பலர் எழுப்பும் ஐயம் இது. பெரும்பாலானோருக்கு இந்நோய் பெற்றோரிடமிருந்து நேரடியாக வருவதன்று. அவ்வாறாயின், ஆய்வுச் செய்திகளில் மரபணுக்கள் ஏன் இத்தனை பேசப்படுகின்றன?

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது; ஆயினும் எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் பணி செய்வதில்லை. தொழிற்சாலையை நன்கறிந்த அருவங்காட்டு மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. பணியாளர் பட்டியல் ஒன்றே. இன்றைய ஷிப்டில் எப்பிரிவுக்கு எவர் வந்துள்ளார் என்பதை வருகைப் பதிவேடுதான் காட்டும். உயிரணுவில் அப்பதிவேடாக விளங்குவது தூது ஆர்.என்.ஏ. அதன் அளவைக் கொண்டு எந்த மரபணு எவ்வளவு பணி செய்கிறது என்பதை அறியலாம்.

உயிருடன் இருக்கும் நோயாளியின் மூளையைக் கூறிட்டு இதனை அளக்க இயலாது. எனவே, நோயை ஒத்த பாதிப்பு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலி மூளையை 40 சிறு கனசதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 9,000 மரபணுக்களின் பணியை அளந்து வரைபடமாக்கினர். நலமான மூளைக்கும் பாதிப்புற்ற மூளைக்கும் இடையிலான வேறுபாடு ஸ்ட்ரியேட்டம் என்னும் பகுதியில் தெளிவாகப் புலப்பட்டது. இயக்கத்தைச் சீராக்கும் டோபமைன் சென்று சேரும் இடம் அதுவே.

நம் நாட்டு ஆய்வொன்று இதனினும் சுவையானது. மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் நிறுவன இயக்குநரான விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் குழுவினர் 2004இல் அதனை வெளியிட்டனர். எம்.பி.டி.பி. என்னும் நச்சு, ஆண் சுண்டெலிகளின் டோபமைன் உயிரணுக்களை அழித்தது. பெண் சுண்டெலிகளோ தப்பின. பெண் சுண்டெலிகளின் மூளையில் குளூட்டாரெடாக்சின் என்னும் நொதிக்குரிய மரபணு இயல்பாகவே மிகுதியாகப் பணி செய்தது. உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் நொதி அது. ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுத்தபோது நொதியின் அளவு குறைந்தது. மைட்டோகாண்ட்ரியாவும் நச்சுக்கு இலக்காயிற்று. மனிதரிலும் பெண்களைவிட ஆண்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது.

இதனைப் படித்துவிட்டு எவரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நாடலாகாது! நச்சு ஊட்டிய சுண்டெலியின் மூளையில் சில நாட்களில் நிகழ்வது வேறு. மனித மூளையில் பல்லாண்டுகளாக மெல்ல வளரும் நோய் வேறு. சுண்டெலியைக் காத்த பல மருந்துகள் மனிதரிடம் பயனளிக்கவில்லை. புதுக் கண்டுபிடிப்பு பற்றிய செய்தியை நம்பி லெவோடோபாவை நிறுத்துவது இன்னும் தீது. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நோய் இளவயதில் தொடங்கியிருந்தாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இருந்தாலோ அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அவர் அதன்பின் முடிவுசெய்வார்.