தொழி உழவு டிராக்டர் தார்ச்சாலைக்கு வரும்போது

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவைத் தொழி உழவு தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வில்லை. காலையில் ஒரு வயலில் சேற்றுழவு. நண்பகலில் அடுத்த கிராமத்தில் இன்னொரு வயல். மாலையில் அதே வண்டியில் டிரெய்லரைப் பூட்டி உர மூட்டை ஏற்றி வர வேண்டும். அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சேர்ப்பதும் அதே டிராக்டர்தான். உழவுக்கென்று வாங்கிய வண்டி நாளடைவில் குடும்பத்தின் தினசரி வாகனமாகவே ஆகிவிடுகிறது.

இதில் தவறொன்றும் இல்லை. ஆனால், டிராக்டர் வயலில் மெதுவாக உழுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி என்பதை மறக்கலாகாது. சேற்றில் புதையாமலும் வழுக்காமலும் இருக்க, உழவர்கள் அதில் மேலும் சில மாற்றங்களைச் செய்துகொள்கிறார்கள். கேஜ் வீல் மாட்டுகிறார்கள்; டயரில் காற்றைக் குறைக்கிறார்கள்; திருப்பத்தில் வசதியாக இருக்க இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிரித்து வைக்கிறார்கள். சேற்றில் கைகொடுக்கும் இம்மாற்றங்களே தார்ச்சாலையில் வண்டியைக் கவிழ்த்துவிடக் கூடும். எனவே வயலை விட்டுச் சாலை ஏறுமுன் இவற்றை ஒவ்வொன்றாக மாற்றியமைக்க வேண்டும்.

இரும்புச் சக்கரம்

கேஜ் வீலில் இரு வகை உண்டு. டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது முழு கேஜ் வீல். டயரோடு சேர்த்து வெளிப்புறத்தில் பொருத்துவது அரை கேஜ் வீல். இவை இரண்டுமே சேற்றுக்கு மட்டும் உரியவை. முழு கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் தார்ச்சாலையை வெட்டிப் பாழாக்கும். ஊர்ச் சாலை ஒருமுறை பெயர்ந்தால், அடுத்த மழையில் அதே ஊர் மக்கள்தாம் பள்ளத்தில் விழ நேரிடும். சாலைக்குச் சேதம் விளைவிப்போர் மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவும் இடமுண்டு. மேலும், இரும்புக்கும் தாருக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. பிரேக் போட்டால் சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

அரை கேஜ் வீல் தரையில் படாதிருந்தாலும் ஆபத்தானதே. அது மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், ஒதுங்கிச் செல்லும் சைக்கிள்காரரையோ பள்ளிப் பிள்ளையையோ இழுத்துவிடும். ஆகவே இரு வகையையும் கழற்றி டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே முறை.

ஒரு நாளில் நான்கு வயல் உழ வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு வழி, வேலையை வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களின் உழவர்கள் கூடிப் பேசி ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாட்களில் உழவு வைத்துக்கொண்டால், டிராக்டர் வயலுக்கு வயல் உள்வழியாகவே சென்றுவிடும். சாலை ஏறுவது நாளுக்கு ஒரு முறையோடு நிற்கும். டீசலும் மிச்சம்.

டயரின் பள்ளங்களில் ஒட்டியுள்ள சேற்றையும் சுரண்டிவிட வேண்டும். தார்ச்சாலையில் விழும் சேற்றுக் கட்டி, பின்னால் வரும் இரு சக்கர வண்டியைச் சறுக்கச் செய்யும்.

பிரேக்குகளை இணைத்தல்

டிராக்டரில் இடப் பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலப் பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் எனத் தனித்தனி மிதிகள் உண்டு. வயல் மூலையில் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி குறுகிய இடத்தில் திரும்பும். சாலையில் வேகமாகச் செல்லும்போது கால் தவறி ஒரு மிதியில் மட்டும் பட்டால் என்ன ஆகும்? ஒரு சக்கரம் நின்று, மறு சக்கரம் ஓட, வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும்.

இதைத் தடுக்கவே இரண்டு மிதிகளையும் சேர்த்துப் பூட்டும் கொண்டி ஒன்றை ஒவ்வொரு டிராக்டரிலும் வைத்திருக்கிறார்கள். அது துருப்பிடித்தோ தொலைந்தோ போயிருந்தால் உடனே புதுப்பிக்க வேண்டும். செலவு சொற்பம், பயன் உயிர்.

பூட்டிய பின் சமமான, காய்ந்த தரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். இரு டயர்களும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் பிரேக்குகளைச் சமமாகத் திருத்திய பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும். பழைய டிராக்டர்களில் சேற்றுநீர் பிரேக்கினுள் புகுந்து பிடிப்பைக் குறைத்துவிடும். அத்தகைய வண்டியை மெதுவாக ஓட்டியபடியே சில முறை லேசாக மிதித்து உலரவிட வேண்டும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீல்களைச் சோதித்து எண்ணெயை மாற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியல் லாக்

ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டு நிற்கும்போது இரு சக்கரங்களையும் சேர்த்து இயக்க உதவுவது டிஃபரன்ஷியல் லாக். சாலைத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். லாக் விழுந்திருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்; டயர் தேயும்; பல்சக்கரம் உடையவும் கூடும். வயலை விட்டு வெளியேறியதும் லாக் விடுபட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காற்றும் எடையும்

வயலில் பின் டயருக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 14 பவுண்டு காற்று போதும். டயர் சற்றுத் தட்டையாகி மண்ணை நன்கு பிடிக்கும். அதே காற்றோடு பாரம் இழுத்துச் சாலையில் ஓடினால் டயரின் பக்கவாட்டுச் சுவர் மடங்கிச் சூடேறி வெடிப்பு விடும். சாலை ஓட்டத்திற்குப் பின் டயரில் 16 முதல் 18 பவுண்டும், முன் டயரில் 24 முதல் 28 பவுண்டும் வைப்பது வழக்கம். டயருக்கு டயர் அளவு வேறுபடுமாதலால், வண்டியோடு தந்த கையேட்டில் உள்ளதையே முடிவாகக் கொள்ள வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பது சரியான முறை. இரு பக்கமும் சம அளவு இருப்பது மிக முக்கியம்.

புழுதி உழவுக்காகப் பின் டயரில் நீர் நிரப்பியிருந்தால் ஒவ்வொரு டயரிலும் நூறு கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்கும். பாரமின்றி அன்றாடம் ஓடும் வண்டிக்கு இந்த எடை வீண் டீசல் செலவு. ஆனால் முன்புறம் தொங்கும் எடைக் கட்டிகளை மட்டும் டிரெய்லர் இழுக்கும் நாளில் கழற்றக் கூடாது. முன்பக்கம் இலேசானால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

வயல் ஏற்றமும் கருவிகளும்

வயலிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில்தான் பல விபத்துகள் நேர்கின்றன. பின்னால் ரோட்டவேட்டர் தொங்க, செங்குத்தான கரையில் முன்னோக்கி ஏறும்போது முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஒரு விநாடி போதும். குதித்துத் தப்ப நேரமிராது. இத்தகைய கரையில் ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி ஏறுவது நல்லது. அதைவிட நல்லது, உழவுக்கு முன்பே மண் போட்டுச் சரிவைப் படுக்கையாக்கிக்கொள்வது.

சாலையில் செல்லும்போது பி.டி.ஓ. இயக்கத்தை நிறுத்தி, கருவியை உயர்த்திப் பூட்டிவிட வேண்டும். பக்கவாட்டுச் சங்கிலிகளையும் இறுக்க வேண்டும். இல்லாவிடில் கருவி ஊஞ்சல்போல் ஆடி வண்டியையும் ஆட்டிவிடும்.

டிரெய்லரும் வேகமும்

டிரெய்லரை அதற்கென உள்ள தாழ்வான கொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும். பின் அச்சின் மையத்தைவிட உயரமான இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கும். இணைப்பு ஆணிக்குப் பூட்டு ஊசியும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்க வேண்டும். ஆணிக்குப் பதில் கம்பித் துண்டைச் செருகுவது பெரும் பிழை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 கிலோ கொண்ட 60 மூட்டை நெல் 2,400 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையை ஒரு டன் என்று கொண்டால் மொத்தம் 3,400 கிலோ. இழுக்கும் 35 குதிரைத் திறன் டிராக்டரோ ஏறத்தாழ 1,800 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், பிரேக் போட்டதும் தன்னைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். வண்டி நேராக இல்லாவிட்டால் கத்தரிக்கோல்போல் மடங்கிக் கவிழும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. வேகம் 30 ஆனால் எட்டு மீட்டருக்கு மேல். பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ இரண்டேகால் மடங்காகிறது. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் ஆபத்து அதைவிட அதிகமாகக் கூடுகிறது என்பதே இதன் பொருள். பாலச் சரிவில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சப்படுத்த நினைப்பது அறியாமை. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும்.

இரவில் தெரிய வேண்டும்

மெதுவாகச் செல்லும் டிரெய்லர், இருட்டில் வேகமாக வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கு மிக அருகில் வந்த பின்னரே தெரிகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்ட வேண்டும். பின்விளக்கு எரிய வேண்டும். வைக்கோல் பாரம் தொங்கி விளக்கையும் பட்டையையும் மறைக்காதபடி கட்ட வேண்டும். மெதுவாகச் செல்லும் வண்டி என்பதை உணர்த்த, செம்மஞ்சள் முக்கோணத்தைச் சுற்றிச் சிவப்புக் கரையிட்ட அடையாளப் பலகை ஒன்று 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. அதைப்போன்ற பலகையை இங்கும் மாட்டிக்கொள்ளலாம்.

வண்டி பழுதாகி நின்றால் சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்த வேண்டும். இயலாவிட்டால் போதிய தூரம் பின்னால் விளக்கோ ஒளிப்பலகையோ வைக்க வேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுச் செல்வது அடுத்தவர் உயிருக்கு உலை வைப்பதாகும்.

ஆட்களை ஏற்றுதல்

டிராக்டரில் உள்ளது ஒரே இருக்கை. அது ஓட்டுநருக்கு மட்டும். மட்கார்டில் உட்கார்ந்து வருபவர் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பின்சக்கரத்தின் கீழ் விழுவார். நடவுக்கு வரும் பெண்களையும், திருவிழாவுக்குச் செல்லும் குடும்பத்தையும் டிரெய்லரில் ஏற்றும் வழக்கம் விடப்பட வேண்டும். ஒரு கவிழ்ப்பில் ஒரு தெருவே துக்கத்தில் ஆழ்ந்துவிடும்.

வெயிலுக்குப் போடும் கூரை கவிழ்வில் காக்காது. அதற்கென வலுவாகச் செய்த பாதுகாப்புச் சட்டம் வேறு. சுவீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு அத்தகைய அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் அங்கு கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. அச்சட்டம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டையையும் அணிய வேண்டும்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே பட்டறையில் உயரத்தைக் கூட்டுவது, டிரெய்லரை நீளமாக்குவது போன்றவை கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி விவசாய டிராக்டர் என்பது வயல் வேலைக்கும் விவசாயப் பொருட்களை ஏற்றிச் செல்வதற்கும் உரியது. ஆட்களையோ வாடகை மணலையோ ஏற்றிச் செல்கையில் விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக் கூடும். நஷ்டஈட்டுக்கு நிலத்தை விற்க வேண்டிய நிலை வரலாம்.

சொந்த டிராக்டர் இல்லாத சிறு உழவர்களுக்கும் இதில் பங்குண்டு. வாடகைக்கு அழைக்கும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, ஓட்டுநருக்கு உரிமம் உண்டா, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்றும் கேட்க வேண்டும். கேஜ் வீலைக் கழற்ற ஆகும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

சாலை ஏறும் முன்

1. கேஜ் வீலைக் கழற்றுக. டயரின் சேற்றைச் சுரண்டுக.
2. பிரேக் மிதிகளை இணைத்துப் பூட்டிச் சோதிக்க.
3. டிஃபரன்ஷியல் லாக் விடுபட்டதா எனப் பார்க்க.
4. டயர் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுக.
5. பி.டி.ஓ.வை நிறுத்திக் கருவியை உயர்த்திப் பூட்டுக.
6. டிரெய்லர் ஆணி, ஊசி, சங்கிலி ஆகியவற்றைப் பார்க்க.
7. விளக்குகளையும் ஒளிப்பட்டைகளையும் துடைக்க.
8. ஓட்டுநர் தவிர வேறெவரும் வண்டியில் இல்லை என உறுதி செய்க.

கடையில் வெற்றிலை வாங்கவும், பேருந்து நிறுத்தத்தில் ஆளை இறக்கவும் டிராக்டரை எடுப்பது தேவையற்றது. அதற்குச் சைக்கிள் போதும். பாரம் ஏற்றும் வேலைக்குச் சாலைக்கு வந்தே தீர வேண்டிய நாட்களில், மேற்கண்ட எட்டையும் வரப்போரத்திலேயே முடித்துக்கொண்டு புறப்பட்டால், காலையில் வயலுக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்பலாம்.